தவமணி பெட்டி

என் எரிச்சலுக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை தவமணிக்கு,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் இந்தப் பள்ளத்தாக்கில் எனக்குப் பேர் கிடைக்கவில்லை. மண்ணின் ஈரம் பார்த்து மோட்டாரைப் போடவும் அணைக்கவும் நாம் சேர்ந்து செய்த பெட்டியை, ஊர் 'தவமணி பெட்டி' என்றுதான் சொல்கிறது. முதல் அறுப்புப் பன்னீர் திராட்சை இன்றைக்கும் உன் வீட்டுக்குத்தான் போகிறது. உன் பெண்டாட்டி, அதாவது என் தங்கச்சி, அதில் பாதியை எனக்கு அனுப்புகிறாள். வயிற்றெரிச்சலோடுதான் தின்கிறேன். இனிக்கத்தான் செய்கிறது.

சேதி கேள். நீ போட்ட 3.3 வோல்ட் சிப் இப்போது வருவதில்லை. 1.8 வோல்ட்டில் ஓடும் புதியதை வைத்து நானே சர்க்யூட் போர்டு வரைந்தேன். உள்ளங்கை அளவு சோலார் தகடே அதற்குப் போதும். நீ இல்லாமலும் எனக்கு முடியும் என்று காட்ட வேண்டியிருந்தது. போர்டில் என் பேரை மட்டும் வெள்ளை எழுத்தில் அச்சடித்தேன்.

காமயகவுண்டன்பட்டியில் ராசாத்தியக்கா தோட்டத்தில் மாட்டினேன். பிஞ்சு பிடிக்கிற நேரம். மோட்டார் கிளம்பியதுமே பெட்டி அதை அணைத்துவிடும். மண் காய்ந்து கிடக்க, ஈரம் இருக்கிறதென்று சாதித்தது. கொடி வாடத் தொடங்கியது. அந்த வருசத்து மகசூலே என் கையில் நின்றது.

போய்ப் பார்த்தால், மண்வெட்டி படாமலிருக்க சென்சார் வயரைப் பந்தல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நம்ம ஊரில் வேறெங்கே கட்டுவார்கள்? மோட்டார் கிளம்பும்போது பந்தல் கம்பி முழுக்க மின் இரைச்சல். உன் போர்டு அதைத் தாங்கியது. குறைந்த வோல்ட்டில் ஓடும் என்னுடையது அந்த இரைச்சலையே ஈரம் என்று நம்பிவிட்டது.

வயரை அவிழ்க்கச் சொல்லவில்லை. வேரடியிலேயே ஈரத்தை எண்ணாக மாற்றி, இரைச்சல் ஏறாதபடி முறுக்கிய இரட்டை வயரில் பெட்டிக்கு அனுப்பினேன். அதன் பிறகு பெட்டி பிசகவில்லை. கொடியும் பிழைத்துக்கொண்டது. உனக்கு இது தோன்றியிருக்காது. தோன்றியிருக்குமோ? அதைச் சொல்லக்கூட நீ இல்லையே.

ராசாத்தியக்காவுக்கு ஒரே சந்தோசம். "இப்பத்தேன் தம்பி தவமணி பெட்டி நல்லா ஓடுது" என்றார்.

இது நான் செய்தது என்றேன்.

"மாட்டுனது நீங்க. செஞ்சது அவுகதான?"

திரும்பி வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். சின்னமனூர் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி அழுதேன். ஒருவழியாக உன்னை ஜெயித்திருக்கிறேன், அதைக் காட்ட நீ இல்லை.

அடுத்த போர்டில் இரண்டு பேர் பேரும் இருக்கும், இது சத்தியம். ஆனால் என் பேர்தான் முதலில். முடிந்தால் வந்து சண்டை போடு.

இன்னும் உன்னோடு மல்லுக்கு நிற்கும்
உன் மச்சான்,
பாண்டி