வெட்டிய இரண்டு பக்க வசனம்

அன்புள்ள லோர்னா,

ரீனோவில் வெயில் எப்படி? விவாகரத்துக்காக உன் வக்கீல் அனுப்பிய தாள்களில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும், ஒரு நல்ல சேதி.

நேற்று என் படத்தை, வெளியிடும் முன் ஜனங்களுக்குப் பிடிக்கிறதா என்று அறிய, வழக்கம்போல் படத்தின் பெயர் சொல்லாமல் ரிவர்சைடு தியேட்டரில் போட்டுப் பார்த்தோம். எழுதியதும் நான், முதல்முறையாகத் தயாரித்ததும் நான். மனைவி வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கணவன் பேசும் இரண்டு பக்க வசனம் நினைவிருக்கிறதா? காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் உனக்குப் படித்துக் காட்டினேனே, அதேதான். முழுக்க வெட்டிவிட்டேன். இப்போது அவன் வாயே திறப்பதில்லை. அவள் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுச் சும்மா நிற்கிறான்.

ஸ்டூடியோ முதலாளி ஹேக்கெட் என் விலாவில் இடித்தார். "ஏம்ப்பா, என் வசனத்துல கை வைக்காதீங்கன்னு இத்தனை வருஷமா எங்ககூட மல்லுக்கு நின்னவன் நீதானே? தயாரிப்பாளர் ஆனதும் நீயே கத்திரிய எடுத்துட்டியே!"

நான் பதில் சொல்வதற்குள் திரையில் கார் நகர்ந்தது. முன்வரிசையில் ஒரு குண்டுப் பெண்மணி எழுந்து கத்தினாள்: "அட மடையா! போகாதேன்னு சொல்லேன்டா!"

தியேட்டரே கைதட்டியது. ஹேக்கெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. படம் ஓடிவிடும் என்கிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வெட்டிய பக்கங்களை வீட்டில் எடுத்துப் பார்த்தேன். அத்தனை பேச்சிலும் அந்த ஒரு வார்த்தை இல்லவே இல்லை.

தாள்களை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. போகாதே, லோர்னா.

இப்படிக்கு,
உன் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்ட மடையன்