பின் சக்கரத்துக்குத் தடித்த டயர்

புரட்டாசி 1, வியாழன்

காலையில் தூறல். பஸ் ஓடவில்லை. இட ஒதுக்கீட்டு மறியல் ஒரு வாரம் நடக்குமாம். மலைக்குப் போகும் கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

குழம்பாமல் இருக்க, வரிசையாக:
1. மகள் வசந்தா மலையிலிருந்து அனுப்பிய சேதி. சும்மா வரச் சொல்லியிருக்கிறாள். அவசரம் இல்லை.
2. சைக்கிளுக்கு எந்தச் சக்கரம், எந்த டயர். பாதி தார் ரோடு, பாதி கல் பாதை.
3. மாப்பிள்ளையிடம் என்ன பேசுவது. (யோசிக்க.)

சேதி கொண்டுவந்தவர் தேன் விற்க மலையிலிருந்து இறங்கியவர். காட்டு வழியாக நடந்தே வந்தாராம். வ. சொன்னது அப்படியே: "அப்பாவ சும்மா ஒருதரம் வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

என் மனைவி சரஸ்வதி அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டாள். "அவ எப்பங்க சும்மா கூப்ட்டிருக்கா?"

மாப்பிள்ளை கடுக்காய் ஏலம் எடுப்பவர். ஆடிக்கு வ. வந்தபோது முன்கையில் கன்றல். விறகு பட்டது என்றாள். விறகு என்றே நானும் எடுத்துக்கொண்டேன்.

பிறந்த வீட்டு ஆள் போய்த்தான் பெண்ணைக் கூட்டி வர வேண்டும். தானாக இறங்கி வந்தால் ஓடிவந்தவள் என்று பேர். ஆகவே காத்திருப்பாள்.

புரட்டாசி 2, வெள்ளி

மேகமூட்டம். சைக்கிள் கடை, பாதிக் கதவு மட்டும் திறந்து.

இப்போதுள்ள மெல்லிய டயர்: தார் ரோட்டில் லேசாக உருளும். கல் பாதையில் டியூப் நசுங்கும், ரிம் நெளியும்.
பால்காரர்கள் போடும் தடித்த டயர்: கல்லுக்கு நல்லது. தாரில் இழுக்கும், என் முழங்கால் தாங்காது. அதற்கு அகல ரிம்மும் கனத்த ஸ்போக்ஸும் வேறு வேண்டும்.

கடைக்காரர்: "மலைக்கா? டயரு தாங்கும் சார். நீங்க தாங்கணுமே." பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார். தொறந்திருந்தா கல்லு வுடுவானுங்க."

நாளை சொல்வதாகச் சொல்லி வந்தேன்.

ச. கேட்டாள்: "இன்னா ஆச்சு?"
"யோசிக்கிறேன்."
"யோசிங்க. அங்க அடிக்கறவன் யோசிச்சிக்கினா இருக்கான்?"

புரட்டாசி 3, சனி

மழை. கடை சாத்தியிருந்தது. மூக்குக் கண்ணாடியின் கால் லூஸ், நூல் சுற்றினேன்.

மதியம் ஒன்று தோன்றியது. ஏன் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்? பாரம் பின்னால்தான் உட்கார்கிறது. பின்னால் தடித்தது, முன்னால் மெலிசு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், குறை தெரியவில்லை. பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

புரட்டாசி 4, ஞாயிறு

வெயில். கடைக்காரர் வீட்டுக்கே போய்க் கெஞ்சி அழைத்து வந்தேன். பின்னால் அகல ரிம், தடித்த டயர். முன்னால் பழைய ரிம், புது மெல்லிய டயர். தெருவைச் சுற்றி வந்து பார்த்தேன். சொல்லிக்கொள்ளும்படி ஓடுகிறது. இப்போது கிளம்பினால் மலையடியில் இருட்டிவிடும். நாளை.

ச.: "நடந்திருந்தா இந்நேரம் போய்ட்டு வந்திருக்கலாம்."

புரட்டாசி 5, திங்கள்

விடியும்போதே கிளம்பினேன். வண்டி நன்றாகப் போயிற்று. முதல் மரத்தில் நின்றவர்களே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். இரண்டாவது மரத்தில் பத்துப் பேர், இளைஞர்கள். அதில் ஒருவன் என்னிடம் கணக்குப் படித்தவன்.

"வாத்தியாரா? எங்க சார் சவாரி?"
"பெண்ணைப் பார்க்க."
"பி.ஏ. முடிச்சிட்டு மாடு மேச்சிக்கினு இருக்கேன் சார். ஒருத்தன் என்ன வந்து பாக்கல."

ஒருவன் பின் டயரை அமுக்கிப் பார்த்தான். "டேய், பால் வண்டி டயருடா. முன்னாடி பாரு, பஞ்சத்துல அடிபட்டது."

இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கினார்கள். வால்டியூப்களை நெல் வயலில் எறிந்தார்கள். என் மாணவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்: "ஒரு சைக்கிள்ல ரெண்டு பக்கமும் காத்து போச்சு. வூடு போய்ச்சேர எவ்ளோ நேரம்? சொல்லுங்க சார். தெரியலன்னா பெஞ்சு மேல ஏறுங்க."

தள்ளிக்கொண்டு திரும்பினேன். நின்ற இடத்திலிருந்து மலையடிவாரமும் ஏறக்குறைய அதே தூரம்தான். பாதி வழி வந்த பிறகுதான் அது தோன்றியது. அப்படித்தான் நினைக்கிறேன்.

"விடமாட்டேன் என்கிறார்கள்" என்றேன் ச.விடம்.
"சைக்கிளத்தான வுடல? ஒங்களையுமா வுடல?"

புரட்டாசி 6, செவ்வாய்

வ. வந்துவிட்டாள். தனியாக. காட்டு வழி இறங்கி, ரோட்டில் கிடந்த மரங்களை ஏறித் தாண்டி. இடது கையைப் புடவைக் கிழிசலில் தூளி கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். முழங்கைக்குக் கீழே வீங்கி, கருத்து. ஒரு காதில் தோடு இல்லை, மடல் கிழிந்திருக்கிறது.

எதிர் வீட்டில், எனக்குக் கேட்கட்டும் என்றே: "ஓடியாந்துட்டாளா?"

ச. கட்டுப் போடுகிறவரைக் கூட்டி வரப் போனாள். என்னைப் போகச் சொல்லவில்லை. வ. நடையில் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின் டயரை வலது கையால் தொட்டுப் பார்த்தாள்.

"புதுசாப்பா?"
"மலைக்குன்னு போட்டதும்மா."
"எப்போ போட்டீங்க?"
"ஞாயித்துக்கிழம."

டயரிலிருந்து கையை எடுத்துத் தூளியைத் தாங்கிக்கொண்டாள். பிறகு, கோபமே இல்லாமல்: "ஞாயித்துக்கிழமதாம்பா ஒடச்சாரு."

வியாழக்கிழமை எழுதிய வரிசையில் எண் 1 தவறு.