அடிக்கும்போது தலை எங்கே போகிறது?

12 பிப்ரவரி 2012, ஞாயிறு. புரோத்ராபூர்.

இன்றோடு பொன்னுத்துரை அண்ணனுக்கு ஒரு பெரிய கும்பிடு. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், பாதிப் பேச்சு இந்தியில்தான், கோல்ஃப் நன்றாகத்தான் சொல்லிக்கொடுப்பார், எல்லாம் சரி. அதற்காக என்னை நோயாளி மாதிரிப் பார்க்க வேண்டுமா? நான் அடித்த பந்தெல்லாம் வலப்பக்கம் கோணிக்கொண்டு புதருக்குள் போனது. "அரே முருகானந்தம், கை டீக் ஹை, கால் டீக் ஹை. தலைதான் கடபட், கோளாறு. மட்டையத் தூக்குனதும் தலை எங்கயோ போயிருது. எங்க போவுது, சொல்லு?" என்றார். எங்கே போகும்? கழுத்துக்கு மேலேதான் இருக்கிறது. அதையே சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எரிச்சலுக்கு அவர் மட்டும் காரணமில்லை. கச்சால் தீவில் பள்ளிக்கூடம் கட்டும் வேலைக்கு ஆபீஸில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். போகிறேனா இல்லையா என்று ஏப்ரல் முடிவதற்குள் சொல்ல வேண்டும். எனக்குப் போக ஆசை. அப்பா இலங்கையிலிருந்து வந்து பால் வெட்டிய ரப்பர் தோட்டம், நான் வளர்ந்த லயத்து வீடு, எல்லாம் அங்கேதான். வீட்டுக்காரி ராஜகுமாரிதான் மாட்டேன் என்கிறாள். "சுனாமிக்கு அப்புறம் நீங்க பழைய ஆளே இல்லங்க." அதே பாட்டு. நன்றாகத்தானே இருக்கிறேன்? சாப்பிடவில்லையா, தூங்கவில்லையா, வேலைக்குப் போகவில்லையா?

19 பிப்ரவரி

சென்னைக் கடை ஒன்றில் கோல்ஃப் பயிற்சிக் கருவிகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். ஆடுபவனின் தப்பைக் கருவியே கண்டுபிடித்துத் திருத்திவிடுமாம். மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேச்சு வாங்க வேண்டியதில்லை.

ராஜகுமாரி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பொன்னுத்துரை அண்ணன் சொன்னது பொய்யில்ல. ஸ்கூட்டர் ஓட்டும்போதும் திரும்புறீங்க. போன மாசம் அதனாலதான விழுந்தோம்?" என்றாள். நாய் குறுக்கே வந்ததால் விழுந்தோம் என்றேன். "சரி, தலையத் திருப்பாம ஒரே ஒரு பந்து நேரா அடிச்சுக் காட்டுங்க. கச்சாலுக்கு நானே பெட்டி கட்டித் தர்றேன்."

பேச்சு மாற மாட்டாள். ஒரே ஒரு பந்து!

3 மார்ச்

கப்பலில் பார்சல் வந்தது. ஒரு மணிக்கட்டுப் பட்டை. தப்பாக வீசினால் நடுக் கீலில் முறிந்து தொங்கும் ஒரு மட்டை. தொப்பியில் மாட்டும் குட்டி லேசர். தலை ஆடாவிட்டால் சிவப்புப் புள்ளி பந்தின் மேலேயே நிற்குமாம். கல்யாணச் சீர்வரிசை மாதிரி எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பி வைத்தேன்.

4 மார்ச்

முறியும் மட்டை ஒவ்வொரு தடவையும் முறிகிறது. உச்சிக்குத் தூக்கியதும் டக். மறுபடியும் டக். கடைக்காரனைத் திட்டினேன்.

11 மார்ச்

சாயங்காலம் பின்பக்க முற்றத்தில் லேசரைப் போட்டுப் பார்த்தேன். நாலு பக்கமும் மதில், வெளியே எதுவும் தெரியாது. புள்ளி பந்தின் மேல் அழகாக நின்றது. மட்டையைத் தூக்கினேன். புள்ளி பந்தை விட்டு இறங்கியது, புல்லில் ஊர்ந்தது, மதிலில் ஏறியது, பப்பாளி மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் தலையைத் திருப்பவில்லை. சத்தியமாகத் திருப்பவில்லை. ஆனால் புள்ளி அங்கே இருக்கிறது.

மறுபக்கம் பார்த்து நின்று தூக்கினேன். புள்ளி இன்னொரு வழியாகச் சுற்றிக்கொண்டு அதே பப்பாளி மரத்துக்கு வந்தது. நாலு திசையிலும் நின்று பார்த்தாயிற்று. ராஜகுமாரி கோலமாவைக் குழைத்து மதிலில் ஒரு பொட்டு வைத்தாள். புள்ளி ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டில் வந்து உட்கார்ந்தது.

"பேட்டரி கோளாறு" என்றேன்.

18 மார்ச்

மைதானத்துக்குத் தனியாகப் போனேன். முதல் குழிக்கு அடித்தால் பந்து வலப்பக்கம் ஓடுகிறது. திரும்பி வரும் குழிக்கு அடித்தால் இடப்பக்கம். ஒருவனுக்கு இரண்டு வியாதியும் எப்படி வரும்? உட்கார்ந்து யோசித்தபோதுதான் பட்டது. வலமும் இல்லை, இடமும் இல்லை. எல்லாப் பந்தும் தெற்கே போகிறது.

வீட்டில் பப்பாளி மரமும் தெற்கேதான்.

தெற்கே என்ன? மதில், பக்கத்து வீடு, மலை, அப்புறம் கடல். ரொம்ப தூரம் தண்ணீர். அதற்கப்பால் கச்சால்.

பந்தை எடுக்காமல் வந்துவிட்டேன்.

25 மார்ச்

கழுத்துக்குப் பட்டை கட்டிக்கொண்டு அடித்தேன். தலை அசையவில்லை. புள்ளி பந்திலேயே நின்றது. ஆனால் எனக்குப் பந்து தெரியவில்லை. கண் மட்டும் ஓரத்துக்குப் போய்விட்டது. வலித்தது.

பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி தூக்கினேன். ராஜகுமாரி போய் மதில் ஓரத்தில் அந்தப் பொட்டுக்குக் கீழே நின்றாள். புள்ளி அவள் மேல் விழவில்லை. அவள் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. அண்ணாந்து பார்த்தாள். "என்னங்க... இது உங்க தம்பி அழகையாவோட உயரம்தான?"

லேசரைப் பிடுங்கி பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

எழுதித்தான் ஆக வேண்டும். சுனாமி அன்றைக்கு நானும் தம்பி அழகையாவும் கச்சாலில் இருந்தோம். தண்ணீர் வருகிறது என்று ரப்பர் மேட்டைப் பார்த்து ஓடினோம். நான் முன்னால், அவன் பின்னால். திரும்பிப் பார்த்தேன், வந்தான். "போண்ணே, வர்றேன்" என்றான். திரும்பிப் பார்த்தேன், வந்தான். திரும்பிப் பார்த்தேன். மரமும் தண்ணீரும்தான் இருந்தன.

அவ்வளவுதான். அவன் கிடைக்கவேயில்லை. கிடைத்திருந்தால் அழுது முடித்திருப்பேனோ என்னவோ.

1 ஏப்ரல்

பொன்னுத்துரை அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும். அவர் திட்டவில்லை. "புதன்கிழமை அரை நாள் லீவு போட முடியுமா? பதினொன்னாம் தேதி மைதானம் காலியா இருக்கும், வா" என்றார். டீ கொடுத்தார்.

11 ஏப்ரல், புதன்

மத்தியானம் மைதானத்தில் நானும் அண்ணனும் மட்டும். மட்டையைத் தூக்கினேன், தலை போனது. எப்போதும் போய்விட்டுத் திரும்பி வரும். இன்று வரவில்லை. அப்படியே தெற்கே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். "க்யா ஹுவா, என்னாச்சு?" என்று அண்ணன் கேட்டு முடித்தார், பிறகுதான் தரை ஆடியது. பிறகுதான்! என் தலை முந்திக்கொண்டதை அவரும் பார்த்தார். நீண்ட நேரம் ஆடியது. பந்துகள் தாமாக உருண்டன.

சுனாமி எச்சரிக்கை என்று யாரோ கத்தினார்கள். மேட்டைப் பார்த்து ஓடினோம். நான் முன்னால். அவருக்கு முழங்கால் வலி, பின்னால். திரும்பிப் பார்த்தேன். "ச்சல், ச்சல், நீ போ, வர்றேன்!" திரும்பிப் பார்த்தேன். கையை ஆட்டினார். அதற்கப்புறம் திரும்பப் பயமாக இருந்தது. ஐயோ, எவ்வளவு பயம். திரும்பினால் இருக்க மாட்டார் என்றே தோன்றியது. நின்றுவிட்டேன். முதுகில் ஒரு கை பட்டது. மூச்சு வாங்க, "நான்தான்டா. இங்கதான் இருக்கேன்" என்றார்.

தண்ணீர் வரவில்லை. எல்லாரும் இறங்கிய பிறகும் நான் மேட்டில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

15 ஏப்ரல், ஞாயிறு

ராஜகுமாரியும் மைதானத்துக்கு வந்தாள். அண்ணன் எனக்குத் தென்பக்கமாகப் போய் நின்றார். "நான் இங்க நிக்கிறேன். பாக்கணும்னா பாரு. பாத்துட்டு அடி."

தூக்கினேன். தலை போனது. அவர் நின்றார். தலை திரும்பி வந்தது. அடித்தேன். பந்து நேராகப் போனது, கோடு போட்ட மாதிரி.

கருவிகளைக் குறை சொல்ல மாட்டேன். தலை எங்கே போகிறது என்று அவைதான் காட்டின, துல்லியமாகவே காட்டின. அங்கே போய் நிற்பதற்குத்தான் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"நான் தோத்துட்டேன், தலை திரும்புச்சு" என்றேன் ராஜகுமாரியிடம்.

"பாத்தேன்" என்றாள். "ஆபீஸ்ல போறோம்னு சொல்லிருங்க. நானும் வர்றேன்."

23 மே. கச்சால்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு இடம் அளந்தோம். லயம் இருந்த இடத்தில் புல் முளைத்துக் கிடக்கிறது, மேட்டில் ரப்பர் மரங்கள் அப்படியே இருக்கின்றன. வேலை முடிந்ததும் மேட்டுக்கு நடந்தோம். ராஜகுமாரியை முன்னால் போகச் சொன்னேன். நான் பின்னால் நடந்தேன்.

பாதி வழியில் அவள் நின்று திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னாலும் பார்த்தாள், கொஞ்சம் அண்ணாந்து.

"வாங்க" என்றாள். சற்றுப் பொறுத்து, "நீயும் வாப்பா" என்றாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.