எங்கள் வீட்டில் ஆர்மோனியம் கிடையாது

ஒத்தக்கடை, மதுரை
9.6.2025

என் செல்லப் பேத்தி தாமரைச்செல்விக்கு அப்பத்தா அழகம்மாள் எழுதுவது.

உன் அண்ணன் சூரியபிரகாஷை ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். உன் அத்தை மகள் இசைவாணி நர்சிங் படிப்பில் காலேஜிலேயே முதலாவது. அவள் தம்பி தமிழ்மாறன் கபடியில் வாங்கிய கோப்பையை நம் டிவிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். நீயோ அந்த டிவிக்குள்ளேயே போய்ப் பாட்டுப் போட்டியில் பத்துப் பேரில் ஒருத்தியாக நிற்கிறாய். இந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுக்கு இம்புட்டுப் பெருமை இருக்கிறது?

ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்று, "மெதுவாப் பேசுங்கத்தே, பிள்ள மனசு ஒடஞ்சிரும்" என்கிறாள். அதனால்தான் கடிதம்.

நேற்று உன் நிகழ்ச்சியைப் பார்த்தோம். நீ பாடியதைவிட நீ அழுததைத்தான் அதிக நேரம் காட்டினார்கள். பிறகு ஒருவன் கனத்த குரலில், "மகள் பாடக் கூடாது என்று தந்தை ஆர்மோனியத்தை உடைத்தார்" என்றான். இடி இடிக்கிற சத்தம் வேறு. அடுத்து என் முகம். "எம்மகனுக்குக் கோவம் வந்தா தெருவே நடுங்கும்" என்கிறேன். அதோடு என்னை வெட்டிவிட்டார்கள். வீட்டுக்குப் படம் பிடிக்க வந்தவர்களிடம், பஸ் ஸ்டாப்பில் உன்னைக் கேலி செய்த பயல்களை அவன் விரட்டிப் போன கதையைத்தானே சொன்னேன்? அந்த மீதி எங்கே?

கே.கே. நகர் பாட்டு டீச்சர் வீட்டு வாசலில், வகுப்பு முடிகிறவரை வெயிலில் வண்டிமேல் உட்கார்ந்து கிடந்தவன் உன் அப்பன். இன்று காலையில் டீக்கடையில், "என்ன சிவபாண்டியண்ணே, அடுத்து எத ஒடைக்கப் போறீக?" என்று கேட்டிருக்கிறார்கள். சிரித்துவிட்டுத்தான் வந்தானாம். வீட்டுக்கு வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றிப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நானும் எல்லா நிகழ்ச்சியும் பார்க்கிறவள்தான். காமெடி என்று ஒன்று வருகிறதே, ஆம்பளை சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்பதற்குள் நடுவர்கள் நாற்காலியை விட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு உதடுகூட அசையவில்லை. போகட்டும், அதெல்லாம் அடுத்த வீட்டுச் சங்கதி. இது என் வீடு. ஆர்மோனியம் எங்கிருந்து வந்தது? பதில் எழுது.

அப்பத்தா
அழகம்மாள்


சென்னை
14.6.2025

கோபக்கார அப்பத்தாவுக்கு, முத்தங்களுடன் தாமரை.

உன் எழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம், படித்ததும் பயம். நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே எல்லோரிடமும் ஒரு கதை கேட்டார்கள். ஒரு பெண்ணுக்கு அம்மா இல்லை. ஒரு பையன் டீ விற்றுக்கொண்டே பாடியவன். என்னிடம் கேட்டபோது, "வீட்டுல நல்லாத்தான் வச்சிருக்காங்க" என்றேன். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கஷ்டமே இல்லன்னா ஜனங்க எப்படிம்மா ஓட்டுப் போடுவாங்க?" என்றார். அப்புறம் நீ பேசியதைப் போட்டுப் பார்த்தார்கள். 'தெருவே நடுங்கும்' என்றதும் அவர் எழுந்து நின்று கை தட்டினார். ஆர்மோனியம் அங்கேதான் பிறந்தது, அப்பத்தா. உன் வாயிலிருந்து.

நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அப்பாவுக்குப் போன் செய்தேன். "சொல்லட்டும் விடு தாயி. நான் என்ன எலெக்சன்லயா நிக்கப் போறேன்? ஓட்டு ஒனக்குத்தான வேணும்" என்றார்.

வருகிற வியாழக்கிழமை குடும்பச் சுற்று ஷூட்டிங். அப்பா மேடைக்கு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அப்பா சரி என்றுவிட்டார். கேட்காவிட்டால் நான் அடுத்த சுற்றுக்குப் போவது கஷ்டம். இதற்காக எத்தனை வருஷம் பாடினேன் என்று உனக்குத் தெரியும். நீ மட்டும் பொறுத்துக்கொள்.

தாமரை


ஒத்தக்கடை
16.6.2025

தாமரைக்கு,

நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆம்பளைப் பிள்ளையைப் பெற்றவள் அப்படித்தான் சொல்வாள். அதை வெட்டினவன் கையைக் கேள்.

எட்டு மணி சீரியலில் ஒரு மருமகள் வருகிறாள். திருட்டுப் பழி அவள் மேல். 'நான் எடுக்கலை' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லமாட்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கண்ணீர் விடுவாள். தீபாவளியிலிருந்து விட்டுக்கொண்டிருக்கிறாள். "சொல்லித் தொலையேண்டி!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. உன்னைப் பார்த்தும் என்னை அப்படிக் கத்த வைத்துவிடாதே.

அந்த மன்னிப்பு மேடையோடு போய்விடாது. உன் அண்ணனுக்குப் பெண் பார்க்கிறோம். கேட்டுப் போகிற வீட்டில் எல்லாம் அந்த ஆர்மோனியம் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

உன் அப்பன் புதன்கிழமை கிளம்புகிறான். வெள்ளைச் சட்டையை அவனே இஸ்திரி போட்டுக்கொண்டான். நான் அவனோடு பேசவில்லை. உனக்கு இதைக் கூரியரில் அனுப்புகிறேன். ஷூட்டிங்குக்கு முன்பே படி.

அழகம்மாள்


சென்னை
20.6.2025

அன்பு அப்பத்தா,

நேற்று நடந்ததை நீ டிவியில் பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குப் பவுடர் போட்டார்கள். தலையைக் குனிந்து எப்படி நடந்து வர வேண்டும் என்று மூன்று முறை காட்டிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மேடைக்கு வந்தார். எல்லா விளக்கும் அவர் மேல். கையைக் கூப்பினார், அப்பத்தா. என்னைப் பார்த்து. "மன்னிச்சிரு தா..." என்று ஆரம்பித்தார்.

எனக்குத் தாங்கவில்லை. மைக்கை எடுத்து, "எங்கப்பா எதையும் ஒடைக்கல. எங்க வீட்டுல ஆர்மோனியமே கிடையாது" என்று சொல்லிவிட்டேன்.

ஷூட்டிங்கை நிறுத்திவிட்டார்கள். என்னை ஒரு அறைக்குக் கூப்பிட்டுப் போய் நிறையப் பேசினார்கள். நான் வெளியே வந்தால், அப்பா பவுடர் முகத்தோடு நின்றுகொண்டு, "ஏண்டி கெடுத்த? நான் நல்லாத்தான நடிச்சிட்டிருந்தேன்?" என்கிறார்.

போட்டியில் இருந்து என்னை அனுப்பிவிட்டார்கள். ஓட்டுக் குறைவு என்று காரணம். அப்பாவை ரயில் ஏற்றிவிட்டு வந்துதான் அழுதேன். கூட இருந்த பெண் ஒரு கச்சேரிக் குழுவில் பாடக் கூப்பிட்டிருக்கிறாள். ஆறு மாசம் இங்கேயே இருந்து பார்க்கிறேன்.

உன்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. கொஞ்சம்தான்.

தாமரை


ஒத்தக்கடை
23.6.2025

என் தங்கம் தாமரைக்கு,

'நல்லாத்தான நடிச்சிட்டிருந்தேன்' என்கிற இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் உன் அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்துவிட்டாள். அப்புறம் இருவருமே அழுதோம். அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

நேற்று டிவியில் போட்டார்கள். நீ சொன்னதைப் போடுவான் போடுவான் என்று கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பாவிகள் போடவில்லை. உன் அப்பன் கையைக் கூப்புகிற வரைக்கும் காட்டினார்கள். அப்புறம் ஒரு சோப்பு விளம்பரம். திரும்பி வந்தால் நீ அழுதுகொண்டு எல்லோருக்கும் டாட்டா காட்டுகிறாய். மனசு ஆறவே இல்லை. டீக்கடைக்காரனிடம் உன் கடிதத்தைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவன், "டிவில அப்படி வரலையே ஆத்தா" என்கிறான். அவனிடம் என்ன பேச?

உன் அப்பன் அந்தத் துணுக்கை மட்டும், கையைக் கூப்புகிற துணுக்கை, யாரோ போனில் அனுப்ப, பார்த்துவிட்டு, "பரவால்ல, மூஞ்சி நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றான். இன்று காலையில் டீக்கடைக்குப் போனான். அங்கே உட்கார்ந்துதான் குடித்தானாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க அங்கே வருகிறான். துணிமணியும் பருப்புப் பொடியும் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு பேரும் நல்ல ஸ்டுடியோவாகப் பார்த்துப் போங்கள். யாரும் அழக் கூடாது, யாரும் கையைக் கூப்பக் கூடாது. அவன் தோளில் நீ கை போட்டுக்கொள். வாட்சப்பில் வேண்டாம், அதில் யார் வேண்டுமானாலும் பாதியை வெட்டிவிடுவான். பெரிய அளவில், முழு ஆளாகத் தெரிகிற மாதிரி ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போட்டுவிடு.

அப்பத்தா
அழகம்மாள்