மெதுவாக ஓடும்போது வரும் காற்று

மார்கழி 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மூடுபனி. கொழுந்து ஈரம், விறகும் ஈரம். முழங்கால் வலி தேவலை.

தேயிலை உலர்த்தும் மெஷின் மறுபடியும் தகராறு. விசிறியை ஓட்டும் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் மெஷினின் காற்று வாயிலிருந்து அனல் வருகிறது. கொழுந்து உருட்டும் மெஷின்களை நிறுத்தி எஞ்சினை மெதுவாக்கினால் அதே வாயிலிருந்து குளிர்காற்று. அடுப்பு என்னவோ தகதகவென்று எரிந்துகொண்டுதான் இருக்கிறது. தட்டில் கிடந்த தேயிலை பிசுபிசுத்துப் போய் வீண்.

பெரிய துரை வந்து கையை நீட்டிப் பார்த்தார். "நெருப்பு ஆள் தூங்கறான். வேற ஆள் போடு."

நெருப்பு ஆள் என்றால் சங்கிலி. அவன் தூங்கவில்லை, நான் கூடவே நின்றேன். சொல்லியும் பார்த்தேன். துரை காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் சங்கிலிக்கு வேலை இல்லை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போகும். அவன் பெண்டாட்டி வீராயிக்கு இது எட்டாம் மாதம். எஞ்சின் டிரைவர் நான். மெஷின் கோளாறுக்கு அவன் ஏன் தெருவில் நிற்க வேண்டும்?

மார்கழி 5, செவ்வாய்

பனி விடவில்லை. பார்த்தவை: விசிறி பெல்ட். விசிறி இறக்கைகள். அடுப்புக் குழாய்கள், விளக்கைக் காட்டி ஒவ்வொன்றாக. புகைபோக்கி, கரி சுரண்டியாயிற்று. எல்லாம் சரி. எல்லாம் சரியென்றால் என்ன எழவுக்குக் குளிர்கிறது?

மத்தியானம் எஞ்சினை மெதுவாக்கிவிட்டு வாயருகே உள்ளங்கையை வைத்து நின்றேன். முதலில் யாரோ மூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். பிறகு குளிர். வெளியே அடிக்கும் மார்கழிக் குளிர் இல்லை இது, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அது. பாசி வாடை. கூடவே அணைந்த கற்பூர வாடை. வேகத்தை ஏற்றினால் போய்விடுகிறது. இறக்கினால் மறுபடி அந்த மூச்சு.

கொழுந்து கொண்டுவந்த பெண்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"ரோதமுனி மூச்சுடி அது. ரோதையக் கழட்டுன நாள்லருந்து கோவம்."

"கோவமில்லடி. அதுக்குக் குளிருது."

தண்ணீரில் ஓடிய பழைய ரோதைச் சக்கரத்துக்குக் காவல் சாமி, ரோதமுனி. எண்ணெய் எஞ்சின் வந்ததும் ரோதையைக் கழற்றி, அது சுழன்ற பள்ளத்தைப் பலகையால் மூடி, அதன் ஓரத்திலேயே இந்த அடுப்பைக் கட்டினார்களாம். சாமிக் கல் பள்ளத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. நான் அப்போது காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரியில்.

பேச்சைக் கேட்டுச் சிரித்தேன். ஆனால் அந்த வாயில் மறுபடி கை வைக்க மனம் வரவில்லை.

மார்கழி 7, வியாழன்

நேற்று மழை, எழுதவில்லை. இன்று கண்டுபிடித்தாயிற்று.

அடுப்பைச் சுற்றி எங்கும் பார்த்தாயிற்று, பள்ளத்துப் பக்கம்தான் பாக்கி. பலகையைத் தூக்கினேன். சங்கிலி ஓடிவந்தான். "அங்க வேணாங்கய்யா." நான் கேட்கவில்லை. "செருப்பையாவது கழட்டிட்டு எறங்குங்க."

கழற்றிவிட்டு இறங்கினேன். சுவரெல்லாம் நீர். லாந்தர் வெளிச்சத்தில் கல். புது மஞ்சள், வாடாத செவ்வரளி. கல்லுக்கு நேரே அடுப்பறைச் சுவரில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை. ஓட்டையை மறைத்து மண்ணெண்ணெய் டின் தகரம், மேலே கம்பியில் தொங்குகிறது. பீடி பற்ற வைத்தேன். புகை முழுக்க ஓட்டைக்குள் போயிற்று.

சங்கிலியை மேலே அனுப்பி வேகத்தை ஏற்றச் சொன்னேன். தகரம் பட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டது. இறக்கச் சொன்னேன். தளர்ந்து தொங்கியது. விளங்கிவிட்டது. வேகமாக ஓடும்போது விசிறி இழுக்கிற இழுப்பில் ஓட்டை மூடிக்கொள்கிறது. மெதுவாக ஓடினால் திறந்து, பள்ளத்துக் குளிரெல்லாம் தேயிலைக்கு வருகிறது.

சங்கிலி இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "கொத்தன்கிட்ட சொல்லி நாங்கதான் அந்த ஓட்டையும் தகரமும் வச்சோங்க. சாமி இருட்டுல ஈரத்துல கெடக்கே, அடுப்பு அனல் கொஞ்சம் அதுக்கும் போகட்டும்னு."

"போகலடா. அங்க உள்ள குளிர்தான் இங்க வருது."

சங்கிலி கல்லைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப இத்தன நாளும் அது குளிர்லயேவா இருந்துச்சு?"

லாந்தரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஏறும்போது கால் வழுக்கிக் கல்லைப் பிடித்தேன். கல் சூடாக இருந்தது. அனல் அந்தப் பக்கம் போக வழியே இல்லை. சங்கிலியிடம் சொல்லவில்லை.

மார்கழி 8, வெள்ளி

ஓட்டையை அடைத்தேன். செங்கல், களிமண், மேலே சுண்ணாம்பு. சங்கிலி செங்கல்லை எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்றான். நானே எடுத்தேன். பூசும்போது கல்லுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டியிருந்தது. பிடரியில் மயிர் சிலிர்த்தபடியே இருந்தது.

எஞ்சினை மெதுவாக்கினோம். அனல் காற்று. பெரிய துரை கை வைத்துப் பார்த்தார். "நல்ல வேலை. நெருப்பு ஆள் இருக்கட்டும்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நேரே லயத்துக்குப் போய்ச் சொன்னேன். வீராயி வாசலுக்கு வந்தாள்.

"அத மூடிட்டீங்களாங்க?"

தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மார்கழி 11, திங்கள்

சங்கிலி போய்விட்டான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் முன்பே மூட்டை கட்டிக் கிளம்பியிருக்கிறார்கள். பாதை வளைவில் பிடித்தேன். தூறல். வண்டி கிடைக்கும் இடம் வரை நடை, அப்புறம் ஸ்பிரிங்வெளித் தோட்டம். அங்கே வீராயியின் அண்ணன்.

"வேலதான் நெலச்சிருச்சே. ஏன்டா?"

"ஒங்களக் குத்தம் சொல்லலைங்க. எனக்காகத்தான் செஞ்சீங்க. ஆனா புள்ள பொறக்கப் போற நேரம். சாமி மூஞ்சிக்கு நேரா செவுத்த வச்சுட்டு, இந்தப் பக்கம் நின்னு என்னால நெருப்பு மூட்ட முடியாதுங்க."

என் கம்பளியைக் கொடுத்தேன். வாங்கி வீராயி தலையில் போட்டான். பனியில் கொஞ்ச தூரம்தான் தெரிந்தார்கள். அழுகை வந்தது எனக்கு.

கங்காணி எத்தனை பேரைக் கூப்பிட்டும் நெருப்புக்கு ஆள் வரவில்லை. நானே விறகு போட்டேன். மத்தியானம் எஞ்சினை மெதுவாக்கினேன். காற்று சூடுதான். கோளாறு ஒன்றுமில்லை. அடைத்த இடத்துக்கு அந்தப் பக்கம், உள்ளங்கையால் சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பதுபோல் சத்தம். எலியாக இருக்கும்.

வெளியே படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நெருப்பு இறங்கிக்கொண்டிருக்கும், விறகு போட வேண்டும். இன்னும் உள்ளே போகவில்லை.