இடது மூலையில் இருந்த பட்டன்

வியாழன் இரவு

கோபர்கைரனேயிலிருந்து மகள் தேவி வந்து, கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் போட்டுக் கொடுத்தாள். திரையில் கட்டங்களின் ஓரமெல்லாம் உருண்டு, கண்ணாடி மாதிரி அழகாகத்தான் இருக்கிறது.

பக்கவாதம் வந்தபின் என் வீட்டுக்காரருக்குப் பேச்சு சரியாக வரவில்லை. ஆனால் சீட்டாட்டத்தைத் திறக்க அவர் கை தானாக மவுஸைத் திரையின் இடது கீழ்மூலைக்கு நகர்த்தும். இன்று அங்கே ஸ்டார்ட் பட்டன் இல்லை. வெற்றிடத்தையே அழுத்திப் பார்த்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“நடுவுல இருக்குப்பா, பழகிரும்” என்றாள் தேவி.

“ஏட்டி, அதப் பழைய எடத்துலயே வை” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவள் செட்டிங்ஸில் போய் மாற்றினாள்.

வடாலாவில் ஒற்றை அறையில் இருந்தபோது முதல் கம்ப்யூட்டர் வாங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்க்க, கைக்குழந்தை தேவியை மடியில் வைத்துக்கொண்டு அவர் இதே ஆட்டத்தை ஆடினார். அன்றைக்கு அவர் பேச்சு ஓயவே இல்லை.

இன்று மவுஸ் அவர் பிடிக்கு அடங்காமல் நழுவியது. உதவப் போனேன். என் கையை விலக்கிவிட்டு, “நானே” என்றார். தெளிவாகச் சொன்னார். சீட்டுகள் திரையில் விரிந்தன.

சாப்பிடக் கூப்பிட்டேன். இன்னும் ஒரு ஆட்டம் என்று விரலைக் காட்டினார்.