தரகர் எண் ஏழு

யமிலாவுக்கு அம்மா நெலிதா எழுதுவது.

நானும் உன் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், பெர்லினில் நீயும் நன்றாகத்தான் இருப்பாய், பக்கத்து வீட்டுக்காரியின் மானத்தை விற்றுப் பட்டம் வாங்கியவளுக்கு என்ன கேடு. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தை மாற்றிவிட்டோம். உன் ஆராய்ச்சியும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் ஃபபியான் அதைத் தேடிப் பிடித்து, ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடியே எல்லோருக்கும் படித்துக் காட்டினார். ஏழைகள் ஏன் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்பது உன் கேள்வியாம், மருந்துக்கும் மெத்தைக்கும் என்பது உன் பதிலாம், நடுவில் நின்று வாங்கிக் கொடுப்பவள் தரகர் எண் ஏழாம், அதாவது நான். போன வருடம் மூன்று மாதம் தங்கி, என் கையால் மாத்தே தேநீர் குடித்துக்கொண்டு, என் பின்னாலேயே வீடு வீடாக வந்தாயே, பெண்ணுக்கு ஊர்மேல் எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போனேன், மடச்சி.

என்னை எழுதியது போகட்டும், கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவள்தான் நான், யாரிடமும் மறைத்ததில்லை. பக்கத்து வீட்டு சுல்மாவை ஏனடி இழுத்தாய்? பெயரை மாற்றிவிட்டேன் என்று போனில் பீற்றிக்கொண்டாய். பயனாளி இருபத்து மூன்று, விதவை, சர்க்கரை நோயாளி, மூன்று கால் நாய் வளர்ப்பவர் என்று எழுதினால் யாருக்குத் தெரியாது? இந்தத் தெருவில் மூன்று கால் நாய் எத்தனை இருக்கிறது? வரிசையில் நின்ற ஒருத்தி, "ஊசிக்கு ஒரு ஓட்டா சுல்மா, பரவாயில்லையே, நல்ல வெலதான்" என்று சிரித்திருக்கிறாள். அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய சுல்மா திறக்கவேயில்லை. நான் இன்சுலினோடு போய்த் தட்டினால், "உன் மவ எழுதினது போதும் நெலிதா, இனிமே உங்கிட்ட ஒண்ணும் வாங்க மாட்டேன், போயிடு" என்று உள்ளிருந்தே கத்தினாள். நாலு நாள் ஊசியில்லை. அவள் செத்திருந்தால் உன் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போட்டிருப்பாய்?

ஐந்தாம் நாள் காலை ஒரு நாற்காலியைத் தூக்கிப் போய் அவள் வாசலில் உட்கார்ந்தேன். தெருவே கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். "இருபத்து நாலாம் நம்பரை எம் பொண்ணு எழுதாம விட்டுட்டா, அது அவளேதான், நான் சொல்றேன் கேளு. அவ படிப்புக்கு உதவித்தொகை வேணும்னா கவுன்சிலர் கூட்டத்துக்கு நாப்பது பேரு வரணும்னாங்க. கொட்டுற மழையில மொதல் ஆளா பஸ்ஸுல ஏறினவ நீதான் சுல்மா, காய்ச்சலோட ஏறினே." உள்ளே நாய் குரைத்தது. பிறகு கதவு ஒரு சாண் திறந்தது, கை மட்டும் வெளியே வந்தது. மருந்தைக் கொடுத்தேன். "அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். தெரியாது என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடவுள் உனக்கு ஆயுளைக் கொடுக்கட்டும், கூடவே கொஞ்சம் வெட்கத்தையும் கொடுக்கட்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. ஊருக்கு வந்தால் முதலில் சுல்மா வீட்டுக் கதவைத் தட்டு, அவள் திறந்தால் பிறகு என் வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
தரகர் எண் ஏழு